ராஸ்டலின் பெரிய மனசு

மகள் பிரிட்டா விஷயத்தைச் சொன்னபோது ஆர்லின் ஹேவர்காம்ப் ஒரு டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். அமெரிக்கக் கடற்படை அகாடமிக்கு விண்ணப்பிக்கப் போகிறாளாம். மதிப்பெண், நீச்சல், ஓட்டம் எல்லாம் இருந்தாலும், தொகுதிப் பிரதிநிதியோ செனட்டரோ பரிந்துரை செய்தால்தான் அகாடமி விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாம்.

எழுந்த வேகத்தில் ஆர்லினின் நெற்றி இரும்பில் மோதியது.

"பிரதிநிதியா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்ப்பா. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாப் போதும்."

ஒன்றும் பண்ணாமல் இருக்க ஆர்லினுக்கு வராது. பதினோரு வருடமாக, மாதம் தவறாமல், பிரதிநிதி ராஸ்டலைத் திட்டிக் கடிதம் எழுதிவருகிறவர் அவர். சாலைக் குழி, சோள விலை, ராஸ்டலின் மீசை, எதையும் விட்டதில்லை. அதில் இருப்பதிலேயே மரியாதையான வார்த்தை ‘கழுதை’.

அன்றே மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார். மன்னிப்பு முழுமையாக இருக்கட்டும் என்று, எந்தத் தேதியில் என்ன திட்டினார் என்பதை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வருந்தினார். நான்கு பக்கம். தபாலில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில்தான் உறைத்தது: இதில் பாதியை அந்த மனிதர் மறந்திருப்பார்.

‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அச்சடித்த ஒற்றை வரி பதிலாக வந்தது. ஆர்லினுக்கு அது மிரட்டலாகவே பட்டது.

அடுத்து, வீட்டு வாசல் புல்வெளியில் ‘ராஸ்டலுக்கே வாக்களியுங்கள்’ என்று ஒரு தட்டியை நட்டார். போகிறவர் வருகிறவரெல்லாம் வண்டியை நிறுத்திச் சிரித்தார்கள். கட்சி மாறியவனைப் பார்த்தால் சிரிக்கத்தானே செய்வார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

அதுவும் போதாதென்று, புகைபோட்ட முழுப் பன்றித்தொடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஐம்பது மைல் ஓட்டி ராஸ்டலின் அலுவலகத்துக்கே போனார். மகள் அகாடமி விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னதும், மேசைக்குப் பின்னால் இருந்த கொரின் என்ற பெண் பேனாவை எடுத்தாள்.

"பரிந்துரை கேக்கறவங்க பரிசு குடுத்தா அது லஞ்சம் சார். நான் எழுதி வெச்சாகணும். உங்க பேரு?"

பெயரைச் சொல்லாமல் ஆர்லின் தொடையோடு ஓட்டம் பிடித்தார். மாடிப்படியில் ராஸ்டலே ஏறி வந்துகொண்டிருந்தார். கை வழுக்கி, பதினைந்து பவுண்டு இறைச்சியும் பிரதிநிதியின் கால்விரலில் போய் உட்கார்ந்தது. ஆர்லின் நிற்கவில்லை. இதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

நவம்பரில் பிரிட்டா நேர்காணலுக்குப் போய்வந்தாள். கேள்வி கேட்டவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், பள்ளி முதல்வர் ஒருவர், பால்பண்ணைக்காரர் ஒருவர். சோளக்காட்டுப் பெண்ணுக்குக் கடல் எதற்கு என்று கேட்டார்களாம். ஒன்பது வயதிலிருந்து ஆசை, இன்னும் கடலைப் பார்த்ததில்லை என்றாளாம். அதைக் கேட்ட ஆர்லினுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பெற்ற அப்பனே குறுக்கே படுத்துவிட்டானே என்று மறுகினார்.

டிசம்பரில் ஒருநாள் பள்ளியிலிருந்து அவள் போன் செய்தாள்.

"அப்பா, பரிந்துரை கிடைச்சிருச்சு. பத்துப் பேர்ல நானும் ஒருத்தி. இனி அகாடமிதான் முடிவு பண்ணணும். அப்பறம் இன்னொண்ணுப்பா..."

அந்த இன்னொன்றைக் கேட்க ஆர்லின் காத்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிரீஸ் கையோடு மறுபடி ஐம்பது மைல் ஓட்டினார். ராஸ்டல் ஊரில் இல்லை. கொரினிடம் எல்லாவற்றையும் கொட்டினார்: பதினோரு வருடக் கடிதங்கள், கழுதை, கால்விரல். இத்தனைக்குப் பிறகும் பரிந்துரை செய்தவருடைய மனசு எவ்வளவு பெரிசு என்று கைகூப்பினார்.

கொரின் மகளின் பெயரைக் கணினியில் தேடினாள். மறுபடி தேடினாள். வீட்டு முகவரியைக் கேட்டு, சுவரில் இருந்த வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"சார், தொகுதி எல்லைய மாத்தினதுல உங்க ஊரு பக்கத்துத் தொகுதிக்குப் போயி மூணு வருஷமாச்சு. உங்க பொண்ணுக்குப் பரிந்துரை செஞ்சது எங்க சார் இல்ல. கடைசியா எப்ப சார் ஓட்டுப் போட்டீங்க?"