அணுவுக்கு ஸ்கோப் இல்லை

உலகம்மாள் தென்காசிப் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூருக்கு வந்து கம்பெனிப் பிள்ளைகளுக்கு மெஸ் ஆரம்பித்த முதல் வாரம். நாற்பது பேர் சாப்பாட்டுக்கு உலை வைத்த நேரத்தில் சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. அவள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கையில் பின்வாசலில் டொங்கென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் சிலிண்டர் ஒன்று நிற்கிறது. இறக்கிவிட்டுப் போனவருடைய மொபெட் தெருமுனை திரும்பிவிட்டது. அது அவர் வீட்டு அடுப்பிலிருந்து கழற்றியது என்பதும், மூன்று நாள் அந்த வீட்டில் பன்னும் கடை டீயுமாக ஓடியது என்பதும் அவர் மனைவி செந்தாமரை சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

அவர் வாயைத் திறக்காத ஒரே விஷயம் அதுதான்.

அவர் பெயர் ஜெபகுமார். ஒரகடத்தில் ஒரு வால்வு கம்பெனியில் சூப்பர்வைசர். மனிதர்களில் அவர் ஸ்கோப் பார்க்கிற இனம். ஜாதகம் பார்ப்பவராவது நட்சத்திரம் கேட்பார். ஸ்கோப் பார்ப்பவருக்கு அதுவும் வேண்டாம். பிள்ளை என்ன படிக்கிறது என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கிற டம்ளரைக் கீழே வைப்பார், மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார், மூன்று சுற்று சுற்றும்வரை பேசமாட்டார், பிறகு உதட்டைப் பிதுக்கி, யார் வீட்டிலோ கேதம் விசாரிக்கிற குரலில் சொல்வார்: "அதுக்கு இப்ப ஸ்கோப் இல்லியே."

முடிந்தது. கேட்ட தகப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எதை வைத்துச் சொல்கிறார் என்றா கேட்கிறீர்கள்? பஸ்ஸை வைத்து. கம்பெனி பஸ்ஸை. காலையில் ஷிப்டுக்குப் போகிறபோது எந்தக் கம்பெனி பஸ் நிறைந்து போகிறது, எதில் ஜன்னல் சீட்டெல்லாம் காலியாக இருக்கிறது, எது ஏசியாக மாறிவிட்டது, எந்தக் கேன்டீனில் புதன்கிழமை சிக்கன் நின்று முட்டை வந்துவிட்டது என்று எல்லாவற்றையும் மனதில் எழுதி வைத்திருப்பார். பஸ் நிறைந்தால் அந்தப் படிப்புக்கு ஸ்கோப் உண்டு. முட்டை வந்தால் இல்லை. சிவிலுக்கு ஸ்கோப் இல்லை என்று பக்கத்துத் தெரு சுப்பன் மகனை மெக்கானிக்கலுக்கு மாற்றினார். அவன் மெக்கானிக்கல் முடிப்பதற்குள், அதற்கும் இல்லை என்று அவரே மறக்காமல் போய்ச் சொன்னார்.

இப்படிப்பட்டவர் எதிரிலா வேல்விழி வந்து மாட்ட வேண்டும்?

உலகம்மாளின் மகள் அவள். தண்டலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவள். மேல்படிப்புக்கு அணுசக்திப் பொறியியலில் இடம் கிடைத்திருந்தது. சேருகிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பாவிட்டால் இடம் போய்விடும். ஜெபகுமாரோ தன் கம்பெனியில் அவளுக்கு ட்ரெய்னி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம், மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்த ஜெபகுமாருக்குச் சாம்பார் விட்டுக்கொண்டே உலகம்மாள் கேட்டாள். "அண்ணாச்சி, பிள்ள அணுவப் படிக்கணும்னு நிக்கா. நீங்க என்ன சொல்லுதிய?"

டம்ளர் கீழே போயிற்று. விசிறி மூன்று சுற்று சுற்றியது.

"மண்ணூர்லேர்ந்து வாலாஜாபாத் வரிக்கும் போய்ட்டு வாம்மா. கார் கம்பெனி கீது, போன் கம்பெனி கீது, கண்ணாடி கம்பெனி கீது. அணு கம்பெனின்னு ஒரு போர்டு பாத்துகிறியா? ஒரு பஸ்ஸாவது போவுதா? பஸ்ஸே இல்லாத படிப்ப படிச்சிட்டு பொண்ணு எப்பிடி வேலிக்கி போவும்?"

உலகம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் விஷயம் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மாமா, அணு உலை கட்டுறவங்க, பாதுகாப்பு பாக்குறவங்க, புற்றுநோய் ஆஸ்பத்திரில கதிர் மிஷின் பாக்குறவங்கன்னு எவ்வளவோ வேலை இருக்கு" என்றாள் வேல்விழி.

"கீதும்மா. ஊருக்கு நாலு பேர் கீறான். அஞ்சாவது ஆளுக்கு?"

அன்றிரவு உலகம்மாள் மறுநாளைக்கான அரிசியை இரண்டு தடவை புடைத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அவள். தப்பாக ஒரு தடவை தலையசைத்துவிட்டால் பிள்ளையின் ஆயுசுக்கும் தீராது. முருகனிடம் கேட்டுப் பார்த்தாள். முருகன் ஸ்கோப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஜெபகுமார் உர்ரென்று வந்து உட்கார்ந்தார்.

"ஒரு ஆள் இன்ஸ்பெக்சனுக்கு வந்துகிறாரும்மா. ஒரே ஒரு வால்வு. பூதக்கண்ணாடி வச்சிகினு மூணு நாளா அதையே பாத்துகினு கீறாரு. மயிரிழை அளவு கீறல் கீதாம். லைனே நின்னுபோச்சு. எங்க முதலாளி, எவனையும் உக்காருன்னு சொல்லாத மனுசன், அந்தாளுக்கு சேர் இழுத்துப் போட்டு பைலத் தூக்கிகினு பின்னால போறாரு. வருசா வருசம் இதே ரோதனை."

"அந்த வால்வு எங்க போகுது மாமா?"

"கரண்டு எடுக்கற எடத்துக்கு. ரியாக்டருன்னு பேப்பர்ல போட்டுகீது."

"வர்றவரு என்ன படிச்சிருக்காரு?"

ரசம் ஊற்றிய சோறு பாதி வழியில் நின்றது. ஊரில் எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முதல் வார்த்தையாக அதைக் கேட்கிற மனிதர், வருஷா வருஷம் தன் லைனையே நிறுத்துகிற ஆளிடம் மட்டும் கேட்டதில்லை.

"கேக்கலியே" என்றார்.

"சும்மா கேட்டுப் பாருங்க, மாமா."

உலகம்மாளுக்கு அணுவும் புரியவில்லை, ரியாக்டரும் புரியவில்லை. ஆனால் அண்ணாச்சி தனக்குத் தெரிந்த ரோட்டுக்குத்தான் குறி சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும், மகள் கேட்பது அந்த ரோட்டுக்கு அப்பால் இருக்கிறது என்பதும் புரிந்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் விளக்கேற்றிவிட்டு, "அனுப்பு, தாயி. பஸ் இல்லன்னா நடந்து போயிக்கிடலாம்" என்றாள்.

சாயங்காலம் ஜெபகுமார் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்தார். "உலகம்மா, அந்தாளு படிச்சது அதேதாம்மா. நியூக்ளியர். ஆள் பத்தலியாம், அதான் ஒருத்தரே ஊர் ஊரா சுத்தறாராம். உடனே அனுப்பச் சொல்லு."

"காலைலயே அனுப்பியாச்சு, அண்ணாச்சி."

அவர் முகம் ஒரு நொடி வாடியது. ஒரு நொடிதான். மறுநாளே முடிவெட்டுகிற கடையில் பி.காம். படிக்கிற பையன் ஒருவனைப் பிடித்து, "இன்னா பி.காமு? அணு படி. ஆளே இல்லயாம்" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பையன் பாதி வெட்டிய தலையோடு எங்கே ஓடுவான்?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் போன முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்து இலைப் பையனிடம், பாயசம் வருவதற்குள், என்ன படிக்கிறாய் என்று கேட்டது யார்? அவன் சொன்னதும் அப்படியா என்று ஒரு இழு இழுத்தது யார்? அவன் அப்புறம் பாயசம் வேண்டாமென்றானே, கவனித்தீர்களா?

வேல்விழி கிளம்பிய அன்று ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பெரிய பெட்டியைத் தூக்கி மேலே வைத்தவர் ஜெபகுமார்தான். உலகம்மாள் மகள் நெற்றியில் திருநீறு பூசினாள். அவர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபம் செய்தார். பஸ் நகர்கையில் ஜன்னலோரமாகக் கூடவே நடந்துகொண்டு சொன்னார்:

"நாளிக்கி எவனாச்சும் வந்து இதுக்கு ஸ்கோப் இல்லன்னு சொல்லுவான், காதுல வாங்காத. நானே போன் பண்ணி சொன்னாலும் வாங்காத. ஆனா கண்ணு, கூடவே ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சி வச்சிக்கோ. இனிமேட்டு அதுக்குத்தான் ஸ்கோப்பு."