பெஞ்சில் உட்கார்ந்த கங்கப்பன்

முதலில் ஒரு விடுகதை. முப்பத்து மூன்று மணி, ஒரே மாலை. கழுத்தில் போடுவதில்லை, கழற்றி வைக்கவும் முடியாது. அது என்ன?

முதுகெலும்பு! சரியாகச் சொன்னவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். மற்றவர்கள் என் கிளினிக்குக்கு வாருங்கள்.

ஓசூரில், பாகலூர் சாலையில், எங்கள் வீட்டு முன்னறைதான் கிளினிக். நான் கைரோபிராக்டர். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. பிடித்துக்கொண்ட முதுகையும் கழுத்தையும் கையாலேயே சரிசெய்வேன். அதாவது, யாராவது வந்தால் சரிசெய்வேன்.

மூன்று மாதமாக யாரும் வரவில்லை. என் மனைவி சுகுணா கெடு வைத்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள பத்துப் பேராவது வரணுங்க. இல்லேன்னா இனிமே நான்தான் மேனேஜர். அந்தச் சுழல் நாற்காலி எனக்கு."

"தீர்ப்பு யாரு சொல்றது?"

"வினிதா."

வினிதா எங்கள் மகள், இரண்டாம் வகுப்பு. டோக்கன் கொடுப்பது அவள் வேலை. அதுவரை பொம்மைகளுக்குத்தான் கொடுத்திருந்தாள்.

சுழல் நாற்காலி என் உயிர். வேலையில்லாத நேரமெல்லாம் அதில்தான் சுற்றுவேன். அந்த மூன்று மாதத்தில் பூமியைவிட அதிகமாகச் சுற்றியிருக்கிறேன். விடுவேனா? பெங்களூரில் ஒருநாள் தொழில் பயிற்சிக்குப் போய் இரண்டு ரகசியங்களோடு திரும்பினேன். கொஞ்ச நேரம் மட்டுமே திற, கிராக்கி ஏறும். காத்திருக்கும் பெஞ்சைக் காலியாக விடாதே, கூட்டம் சேரும்.

'காலை பத்து முதல் ஒன்று வரை மட்டும்' என்று பலகையில் எழுதினேன். பெஞ்சுக்கு எதிர்வீட்டுக் கங்கப்பனைப் பிடித்தேன். முப்பது வருடம் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"சும்மா உக்காந்து, வலிக்கிற மாதிரி முகத்தை வெச்சுக்குங்க. போதும்."

"ஆகட்டும் டாக்டரே. காபி உண்டா?"

"உண்டு."

மூன்றாம் நாள் ஒருவர் வந்தார்! உள்ளே நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஐயோ, கழுத்து..." இது கங்கப்பன்.

"எத்தனை நாளா வர்றீங்க?"

"மூணு நாளா வந்து உக்கார்றேன் சாமி."

"குறைஞ்சுதா?"

"குறையறதா! நேத்து கழுத்து மட்டும். இன்னிக்குத் தோளும் சேர்ந்துக்கிச்சு."

செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி ஓடியது. மறுநாள் ஓர் அம்மாள் நொண்டிக்கொண்டு வந்தார். கங்கப்பன் பேச்சைக் கேட்டதும் நொண்டாமல் ஓடினார். அவரைக் குணமானவர் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

அன்று சுகுணா வந்து நின்றாள்.

"ஏங்க, அவரு நடிக்கலைங்க."

"என்னது?"

"நிஜமாவே கழுத்து வலி. நாலு நாளா உங்க பெஞ்சுல உக்காந்து கத்தறாரு. ஒரு தடவையாவது தொட்டுப் பாத்தீங்களா?"

"நல்லா நடிக்கிறாருன்னு ரெண்டாவது காபி குடுத்தேனே!"

அவரை உடனே படுக்கவைத்து வைத்தியம் பார்த்தேன். எழுந்தவர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

"அட, பின்னாடி வர்ற வண்டி தெரியுதே!"

சுகுணா விடவில்லை. "ஏண்ணா, மத்த டிரைவருங்க முதுகெல்லாம் எப்படி?"

"எல்லாருக்கும் என் கதைதாம்மா. ஆனா பத்துலேர்ந்து ஒண்ணுக்குள்ள யாரு வருவாங்க? பாதி ஊரு மிஷின்கிட்ட நிக்குது. மீதி ஊரு நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்குது. பர்ஸ்ட் ஷிப்டை இறக்கிவிட்டுட்டு மூணு மணிக்குத்தான் டிரைவருக்கு மூச்சு வரும்."

சுகுணா என் பலகையை அழித்தாள். 'மாலை மூன்று முதல் எட்டு வரை.'

சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் தெருவில் இரண்டு கம்பெனி பஸ் நின்றன. கங்கப்பன் முன்னால் வர, டிரைவர்கள் பின்னால் வந்தார்கள். வீட்டுக்குப் போகாமல் பஸ்ஸிலேயே வந்த பர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களும் கூடவே இறங்கினார்கள். வினிதா இருபத்தொரு டோக்கன் கொடுத்தாள். இருபத்தொன்றாம் முதுகை நிமிர்த்தியபோது என் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். ஆனாலும் விடவில்லை.

"பத்துப் பேரு கேட்டே, இருபத்தொரு பேரு! நாற்காலி எனக்குத்தான்!" என்று தரையைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரு யோசனையில வந்தாங்க?"

"யாரு கையில சரியாச்சு?"

வினிதா எங்கள் இருவரையும் பார்த்தாள். நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்தாள். எனக்கு இருபத்திரண்டாம் டோக்கனைக் கொடுத்து, பெஞ்சில் கங்கப்பனுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.