முக்கல்காரரும் ஒரு டெய்சிப் பூவும்

சார்ஜென்ட் பில்லிங்கின் பூட்ஸுக்குள் ஈயம் இருக்கிறது என்று முடிவெட்டுகிறவர் சொன்னார். அவருக்குப் பால்காரர் சொன்னாராம். பால்காரருக்கு யாரோ ஒரு கப்பல்காரர் சொன்னாராம். பிறகென்ன, மார்ஷ்கேட் துறைமுகம் முழுக்க இதே பேச்சு. போலீஸ் கயிறிழுப்பு அணியில் அவரை மட்டும் எவராலும் அசைக்க முடிவதில்லையே, வேறு என்ன காரணம் இருக்க முடியும்? பில்லிங் மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

உண்மைக் காரணத்தை நான் சொல்கிறேன். வாசகரே, ஆம்ப்ரோஸ் பில்லிங் முக்கல்காரர் என்னும் இனத்தைச் சேர்ந்தவர்.

கயிறு இருக்கும் இடமெல்லாம் இந்த இனமும் இருக்கும். எட்டுப் பேர் அணியில் எப்போதும் நடுவில்தான் நிற்கும்; முன்னால் நின்றால் எதிரணி கவனித்துவிடும், கடைசியில் நின்றால் கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு நிஜமாகவே இழுக்க வேண்டிவரும். நடுவர் கையைத் தாழ்த்துவதற்கு முன்பே உள்ளங்கையில் எச்சில் துப்பி, கழுத்து நரம்பு புடைக்க, முகம் வெந்த பீட்ரூட்டாகச் சிவக்க, கண்ணை இறுக மூடி, கப்பல் சங்கு தோற்கும்படி “ம்ம்ம்ஹா!” என்று முக்கி, முன்னால் இருப்பவனை “சாயுடா, இன்னும் சாயு!” என்று விரட்டி, பின்னால் இருப்பவனை “தூங்குறியாடா?” என்று அதட்டி, வென்றதும் எல்லோருக்கும் முன்னால் புல்லில் விழுந்து மூச்சு வாங்கும். கயிற்றை மட்டும் இழுக்காது.

பிடித்திருக்கும்.

ஜெயித்தால், “நான் பிடிச்ச பிடி அப்படி.” தோற்றால், “ஒத்தை ஆளா நான் எவ்வளவுதான் இழுக்கிறது?” ஏமாற்றுக்காரரா என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை. தாம் இழுப்பதாக அவரே மனதார நம்பினார். அத்தனை சத்தம் போடுகிற மனிதர் இழுக்காமலா இருந்திருப்பார்?

அடுத்த கோடையில் பல நாட்டுக் கயிறிழுப்பு அணிகள் ஸ்டாக்ஹோமில் கூடுவதாக இருந்தது. எந்த ஊர்ப் போலீஸை அனுப்பலாம் என்று பார்க்க லண்டனிலிருந்து கர்னல் ஃபென்விக் வந்தார். அதற்குள் பில்லிங் தம் தெரு முழுக்க விடைபெற்றுவிட்டார். “ஸ்வீடன்லேருந்து உங்களுக்கு என்ன வேணும்?” என்று மாமியாரிடமே கேட்டாயிற்று. இனி அவரை விட்டுவிட்டு அணி கப்பலேறினால் அந்தத் தெருவில் அவர் எந்த முகத்தோடு ரோந்து போவார்?

கர்னலின் கண்ணெதிரே மார்ஷ்கேட் அணி துறைமுகச் சுமைகாரர்களை இழுத்து வென்றது. ஆனால் ஈயக் கதை கர்னலின் காதுக்கும் போயிருந்தது.

“எல்லாரும் பூட்ஸைக் கழட்டிக் காட்டுங்க!”

ஏழு ஜோடிகளில் குதிகால் தெரியாமல் சேறும் புல்லும் அப்பியிருந்தன. பில்லிங்கின் ஜோடியில் முகம் பார்க்கலாம். ஈயமும் இல்லை, சேறும் இல்லை.

குதிகாலால் தரையில் குழி பறிக்காமல் எவனாலும் கயிறு இழுக்க முடியாது. கர்னல் மெதுவாகத் திடலுக்கு நடந்தார். குழி, குழி, குழி. நாலாவது ஆள் நின்ற இடத்தில் புல் பச்சைப் பசேலென்றிருந்தது. அதன் நடுவே ஒரு டெய்சிப் பூ, ஓர் இதழ்கூட மடங்காமல்.

“சார்ஜென்ட், நீங்க நின்ன இடம் இதானே?”

“ஆமாங்கய்யா.”

“அப்போ இந்தப் பூ?”

பில்லிங் மீசையைத் தடவினார். “தரையைக் கீறுறவன் வழுக்குறவன்ங்கய்யா. நான் வழுக்கவே இல்லியே!”

அவருக்குப் பின்னால் நின்று இழுத்த கான்ஸ்டபிள் காக்ஸால் அடக்க முடியவில்லை. “பூவுக்கு வலிக்காம இழுப்பாருங்கய்யா. கயித்துக்கும் வலிக்காது.”

கர்னல் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு டெலிபோன் பண்றேன். யார் யார் போறீங்கன்னு அப்போ சொல்றேன். எடுக்க ஆள் இல்லேன்னா அடுத்த ஊர் அணியைக் கூப்பிட்டுடுவேன், தெரிஞ்சுதா?”

“அந்தப் பொறுப்பை எங்கிட்ட விடுங்கய்யா!” என்றார் பில்லிங். இந்த இனம் பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டால் கையைத் தூக்காமல் இருக்காது.

வெள்ளிக்கிழமை அவர் மட்டும் டெலிபோன் மேஜையில். மற்ற ஏழு பேரும் பின்முற்றத்தில், மரக்கிளை வழியே கயிறு போட்டு, கல் நிரப்பிய பீப்பாயைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். பில்லிங் ஜன்னல் வழியே பார்த்தார். அவர் இல்லாமலே பீப்பாய் மேலே போயிற்று. வழக்கத்தைவிட ஒரு சாண் உயரமாகவே போயிற்று.

மணி அடித்தது.

எடுத்தால், ஏழு பேர் வந்தால் போதும் என்று கர்னல் சொல்லக்கூடும். எடுக்காவிட்டால் எட்டுப் பேரும் போகவேண்டியதில்லை. தெருவிலும் அவர் ஒருவர் மட்டும் தலைகுனிய வேண்டியதில்லை. பில்லிங் எழுந்தார். உள்ளங்கையில் எச்சில் துப்பினார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் பீட்ரூட்டாயிற்று. ரிசீவரை எட்டி, இறுக, இரண்டு கையாலும் பிடித்தார்.

பிடித்திருந்தார்.

“சார்ஜென்ட்! போன் அடிக்குதே, காது கேக்கலியா?” முற்றத்திலிருந்து காக்ஸ் கத்தினான்.

“எடுத்துக்கிட்டுத்தானேடா இருக்கேன்! ம்ம்ம்ஹா!”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும், நேற்று ஆபீசில் எட்டுப் பேராகச் சேர்ந்து முடித்தீர்களே ஒரு வேலை, அதில் நீங்கள் நின்ற இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புல் பச்சையாக இருக்கிறதா? பூ ஏதாவது தெரிகிறதா?

மார்ஷ்கேட்டில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. யாராவது எடுங்களேன்.