கயிற வுடுங்க!

கணவனும் மனைவியும் சேர்ந்து செய்கிற எந்தச் சாகசத்தையும் மாமியார் பார்க்கிற இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணமான முதல் வருடத்தில் எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) பாய்மரப் படகு ஓட்டக் கற்றேன். ஒரு பந்தயத்தில் மூன்றாவதாகக்கூட வந்தேன். (படகுகள் மொத்தம் நான்கு.) புகுந்த வீட்டில் இதை நான் சொன்ன விதத்தில், பாகூரில் பாதிப் பேர் என்னைக் கப்பலோட்டி என்றே நம்பினார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற, வில்லியனூர்ப் பக்கத்து ஏரியில் நடந்த இரட்டையர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தேன். கூட வரவேண்டிய தோழிக்கு அம்மை போட்டுவிட்டது.

"நான் வரேன்" என்றார் என் கணவர் சேகர். சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மீதி நேரம் கரும்புக் கொல்லை.

"உங்களுக்குப் படகு தெரியாதேங்க."

"கயிறு புடிக்கணும், அவ்ளோதான? மாட்டப் புடிச்சவனுக்குப் பாயப் புடிக்கத் தெரியாதா?"

ஞாயிறு காலை மாமியார், மாமனார், நாத்தனார், புளிசாதத் தூக்கு என்று குடும்பமே ஏரிக்கரையில் இருந்தது. சுக்கான் எனக்கு, பாயின் கயிறு அவருக்கு. காற்று மாறி நான் சொன்னால் கயிற்றை விட்டுவிட்டுக் குனிய வேண்டும். படகில் நான்தான் கேப்டன். (வீட்டில் யார் என்பது அப்போது முடிவாகியிருக்கவில்லை.)

மேற்குக் காற்று முதுகைத் தள்ள, இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தோம். கரையில் நாத்தனார் விசிலடித்தாள். உள்ளங்கை எரிகிறதென்று சேகர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. என் கண் முன்னால் போன படகிலேயே இருந்தது.

திடீரென்று காற்று செத்தது. பாய் துவண்டு தொங்கியது. தென்கிழக்கே தண்ணீர் கறுத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடி வந்தது. கடல்காற்று.

"கயிற வுடுங்க!" என்றேன், மரியாதையாக.

இழுத்தார். (திமிறுகிற மாட்டை இழுத்துத்தானே பழக்கம்.)

"ஏங்க, வுடுங்க!"

இன்னும் இழுத்தார். காற்று பக்கவாட்டில் அறைந்தது. பாயின் அடிக்கட்டை அவர் தலைக்கு நேராகச் சுழன்று வந்தது.

"டேய்! குனிடா! கயிற வுடுடா!"

குனிந்தார். கட்டை தலைக்கு மேலே போயிற்று. ஆனால் கயிறு மணிக்கட்டில் இறுகிவிட்டிருந்தது. படகு கவிழ்ந்தது.

நான் மேலே வந்தபோது அவரைக் காணவில்லை. தண்ணீர்மேல் விரிந்து கிடந்த பாயில் ஓர் இடம் மட்டும் உள்ளேயிருந்து முட்டி முட்டி எழும்பியது. அவர் தலை. உடம்பில் கட்டியிருந்த மிதவையே அவரைப் பாயோடு சேர்த்து அழுத்தியிருந்தது. என் மிதவையைக் கழற்றி எறிந்துவிட்டு முங்கினேன். கலங்கல் தண்ணீரில் கண் தெரியவில்லை. கைக்கு முதலில் தலைமுடி கிடைத்தது, பிறகு தோள், பிறகு கயிறு. சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். பாதியில் அவர் முட்டுவது நின்றுபோயிற்று.

அந்த இடத்தை வேடிக்கையாக எழுத இன்றுவரை எனக்கு வரவில்லை.

மீட்புப் படகில் அவரை ஒருக்களித்துக் கிடத்தி முதுகில் தட்டினார்கள். வில்லியனூர்க் கோயிலில் தொடங்கி மாதா கோயில்வரை எல்லாவற்றுக்கும் நேர்ந்துகொண்டேன். ஏரித் தண்ணீர் வந்தது. காலையில் தின்ற இட்லி வந்தது. கடைசியாக ஓர் இருமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். மாமியார் திறக்காத புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலில் விழுந்துவிடலாம் என்று பக்கத்தில் போனேன். தூக்கை நகர்த்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எம் புள்ளைய டேய்னா கூப்புட்ட?"

"ஆமாங்கத்தை."

"அத்தினி பேரு எதுர்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார்.

மாமனார்தான், "இன்னா இப்போ? அதக் கேட்டுத்தான குனிஞ்சான்? இல்லன்னா மண்ட போயிருக்கும்" என்றார்.

சேகரின் வலதுகைச் சுண்டுவிரல் இன்றும் மடங்காது. நான் பிறகு படகில் ஏறவில்லை. ஆனால் முதல் ஷிப்டுக்கு அவர் எழுந்திருக்காத நாட்களில் மாமியார் அடுப்படிக்கு வந்து, என் கையிலிருக்கும் கரண்டியை வாங்கிக்கொள்வார்.

"கத்திக் கத்தி எனக்குத் தொண்ட காஞ்சிபோச்சிம்மா. ஏரியில கூப்புட்ட மாரி போய் ஒரு வாட்டி கூப்புடு."