ஹியூபேட்டின் பலவீனம்

கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்காரரான ஹியூபேட், தான் பலவீனமானவர் என்று நிரூபிப்பதற்குத் தன் முழுப் பலத்தையும் செலவிடுவதென்று முடிவு கட்டினார்.

காரணம் தண்ணீர். மோட்டார் பழுது. கீழே பைப்பில் பிடித்து, படியேறிக் கொண்டுவர வேண்டும். மனைவி செலீனுக்கோ முழங்கால் வருத்தம். ஹியூபேட் துறைமுகத்தில் கிளாக்காக இருந்தவர். பாரம் தூக்குகிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவரே தவிர, தூக்கியவர் அல்ல.

"எழுபத்திரண்டு வயசு, செலீன். உடம்பு தளர்ந்து போச்சு. வாளி தூக்க ஏலாது."

"தளர்ச்சியோ சோம்பலோ எண்டு டொக்டர் சொல்லட்டும்."

டொக்டரம்மா அவர் நெஞ்சில் ஒரு பட்டியைக் கட்டினார். அதிலிருந்து வயர்கள் இறங்கி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போயின. வயதானவர்களின் உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அறிகிற கருவியாம். இதயத் துடிப்பு, மூச்சு, நடை எல்லாவற்றையும் ஒரு கிழமை ஓயாமல் பதியுமாம்.

ஹியூபேட்டுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். ஒரு கிழமை அசையாமல் கிடந்தால் போதும். மெஷினே சாட்சி சொல்லும்!

சாய்மனைக் கதிரையில் விழுந்தவர் எழும்பவில்லை. தேத்தண்ணி கதிரைக்கு வந்தது. சோறும் வந்தது. செலீன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, தலையணை ஒண்டு வைக்கட்டோ?"

"வையும். மெல்லமா. மெஷின் குலுங்கும்."

செவ்வாய்க்கிழமை பின்னேரம் செலீன் கொச்சிக்கடைக் கோயிலுக்கென்று வெளிக்கிட்டாள். ஹியூபேட் கண்ணை மூடி, மூச்சையும் சிக்கனமாக விட்டுக்கொண்டு கிடந்தார்.

அப்போது கீழே, தெரு முடக்கில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பலீல் நானாவின் குரல் கேட்டது.

"ஹியூபேட் ஐயோ! மட்டன் ரோல்ஸ்! சுடச்சுட! ரெண்டே ரெண்டுதான் ஈக்கி!"

அடுத்த கணம் கதிரையில் தலையணை மட்டும்தான் இருந்தது. ஹியூபேட் இரண்டிரண்டு படியாகப் பாய்ந்து இறங்கி, சட்டையும் போடாமல் முடக்குக் கடையை நோக்கி ஓடினார்.

முடக்கில் ஆமியின் காவல் சென்றி. நெஞ்சில் பட்டி, தொங்குகிற வயர், இடுப்பில் பெட்டி, தலைதெறிக்க ஓடிவரும் ஒரு தமிழன். தற்கொலைக் குண்டுகள் வெடித்த அந்தக் காலத்தில் ஒரு ஆமிக்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

"நவத்தின்ன! அத் உஸ்ஸன்ன!"

நின்றார். கையைத் தூக்கச் சொல்கிறான். இரண்டு கையையும் தூக்கினால் சாரம் இறங்கும். தூக்காவிட்டால் துவக்கு ஏறும். ஹியூபேட் உயிரா மானமா என்று யோசித்து, ஒரு கையைத் தூக்கினார். துவக்கு ஏறியது. மற்றதையும் தூக்கினார். வயிற்றை உப்பிப் பிடித்து, பெட்டியின் பட்டியோடு சாரத்தை நெருக்கி நிறுத்தினார்.

"மல்லி! மல்லி! வெடி தியன்ன எப்பா!" என்று, 'தம்பி, சுட வேண்டாம்' எனச் சிங்களத்தில் கெஞ்சிக்கொண்டு, கோயிலில் இருக்க வேண்டிய செலீன், கடைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கையில் டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டுக் கடிதம். ஆமிக்காரன் வாசித்தான். ஹியூபேட்டை மேலும் கீழும் பார்த்தான். இந்த ஓட்டம் ஓடுகிற ஆளா நோயாளி என்று சிங்களத்தில் கேட்டு, துவக்கை இறக்கிவிட்டுச் சிரித்தான்.

கிழமை முடிய டொக்டரம்மா பதிவைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை நல்லா ஓடியிருக்கிறீங்க. பயந்தும் இருக்கிறீங்க. ஆனா துடிப்பு எவ்வளவு கெதியா வழமைக்கு வந்திருக்கு! இந்த வயசில இப்பிடி ஒரு இதயம் அபூர்வம். தளர்ச்சி மருந்துக்கும் இல்லை."

"வாளி தூக்கலாமோ, டொக்டர்?" செலீன் கேட்டாள்.

"தாராளமா. தூக்கத்தான் வேணும்."

வெளியே வந்ததும் ஹியூபேட் வெடித்தார். "நீர் எப்பிடிக் கடைக்குள்ள நிண்டனீர்?"

"படுத்துக் கிடந்தா ஒண்டும் தெரியாது, ஒருக்காலாவது ஓட வேணும் எண்டு டொக்டர் முதல் நாளே எனக்குச் சொன்னவ. பலீல் நானாவைக் கூப்பிடச் சொன்னதே நான்தான். காலமை நிண்ட ஆமிக்காரனிட்டயும் துண்டைக் காட்டிச் சொல்லி வைச்சனான். அவன் டியூட்டி மாறிப் போவான் எண்டு ஆர் கண்டது? ஏலாத மனுசனைத் தண்ணி தூக்க வைச்சு ஏதும் ஆச்சுதெண்டா எண்டு எனக்கு எவ்வளவு நாள் நித்திரையில்லை தெரியுமோ?"

ஹியூபேட் விடவில்லை. "அண்டைக்கு நான் செத்திருப்பன், செலீன்!"

செலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரோல்ஸ் தின்னாமல் நீங்கள் எங்க சாகப் போறியள்?"