எடை சரியாக இருந்த செங்கல்

பெரும் மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுவது. நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான், ஆனால் அப்பா இப்போதெல்லாம் எதற்கும் ஆதாரம் கேட்கிறார், அதனால் அழுத்திச் சொல்லப் பயமாக இருக்கிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன வாரம் வீடியோ காலில் அப்பாவிடம், "பாப்பாவுக்கு வேலை கிடைச்சது நிஜம்தான் அத்தான், கம்பெனி அனுப்புற லேப்டாப்பை வாங்கி வைங்க" என்றீர்களே, அது நீங்கள் இல்லை என்று அப்பா முடிவு செய்துவிட்டார். "குரல் மட்டுமில்ல, மூஞ்சியையே செய்றானுங்க. எல்லாம் சரியா செஞ்சவனுங்க, பாரு, என் மச்சானோட மீசையை மறந்துட்டானுங்க!" என்று அம்மாவிடம் ஒரே வெற்றிச் சிரிப்பு. இத்தனை வருஷம் காப்பாற்றிய மீசையை அன்றைக்குப் பார்த்துத்தானா எடுப்பீர்கள் மாமா?

இதற்கெல்லாம் மூலம் அந்த மிக்சி. அப்பா இன்டர்நெட்டில் வாங்கிய முதல் பொருள். பழைய இரும்புக் கடையில் இத்தனை காலம் கையால் தூக்கியே எடை சொல்லிப் பழகிய மனிதர் அல்லவா, பார்சல் வந்ததும் கண்ணை மூடித் தூக்கிப் பார்த்து, "சரியான எடை. மிக்சியேதான்" என்று தெரு கேட்கச் சொல்லி ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டார். பிரித்தால் செங்கல். பணம் போனது கூட அப்பாவுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, எடை சரியாக இருந்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. அந்தச் செங்கலை இன்றும் கடை மேசையில் வைத்திருக்கிறார். வியாபாரம் இல்லாத நேரத்தில் எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எவனோ ஒருத்தன் உட்கார்ந்து நிறுத்திருக்கான்" என்பார். சொல்லும்போது கோபத்தோடு கொஞ்சம் மரியாதையும் தெரியும்.

அதிலிருந்து வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் கடை வாசலில், சாட்சிகள் முன்னிலையில், கொண்டுவந்தவரே பிரித்துக் காட்ட வேண்டும். வாடிக்கையாகக் கொண்டுவருபவரை நாங்கள் ஹெல்மெட் அண்ணன் என்போம், அவர் அதைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அப்பா கழற்றச் சொன்னார். "மூஞ்சியை மூடிக்கிட்டு வர்றவனை எப்படிப்பா நம்புறது?" அவரும் பாவம், கழற்றினார். "இப்ப நம்புறீங்களா சார்?" "முன்னைக்கு இப்பதான் சந்தேகம் ஜாஸ்தியா இருக்கு." அதற்கடுத்த வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. அதையும் பிரிக்கச் சொல்லி, பழைய பேப்பர் போட வந்தவர்கள் எல்லோரும் பார்க்க, அப்பா ஒவ்வொன்றாகத் தராசில் எடுத்து வைத்தார். உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்கு எழுத மாட்டேன், நீங்கள் மாமா. நான் பத்து நாள் அந்தத் தெருப் பக்கமே போகாமல் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போய்வந்தேன்.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இது என் வேலை மாமா. நம் குடும்பத்தில் முதல் பட்டம், முதல் ஆபீஸ் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம், யாரையும் நேரில் பார்த்துப் பேச வேண்டாம் என்பதால்தான் தைரியமாக விண்ணப்பித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்தே எந்தப் படிவம் என்றாலும் அப்பா நம்பரையும் கடை முகவரியையும் எழுதிப் பழகிய கை, இதிலும் அதையே எழுதிவிட்டது. லேப்டாப் அப்பா கடைக்குப் போனது. ஓ.டி.பி. அப்பாவுக்குப் போனது. "உன்னை நேர்ல பார்த்ததுமில்ல, உன் வாயிலேர்ந்து நாலு வார்த்தை கேட்டதுமில்ல. சும்மா லேப்டாப் அனுப்புவானாம். எந்த ஊரு நியாயம்? படிச்ச புள்ள, யோசிக்க வேணாமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் அழுததைப் பார்த்து, "செங்கலுக்கு நான் அழுதேனா?" என்கிறார். அம்மா பேச வந்தால், "நீ இரு, அந்த மிக்சியைக் கேட்டதே நீதான்" என்று வாயை அடைத்துவிடுகிறார்.

கம்பெனியில் இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்புவார்களாம். வாங்காவிட்டால் வேலை வேறொருத்தருக்கு. அதனால் நீங்கள் உங்கள் கையெழுத்திலேயே அப்பாவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும். கையெழுத்தை மட்டும்தான் இன்னும் நம்புகிறார். அதிலும் உங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இருக்க வேண்டுமாம், அவர் கல்யாணத்தன்று உங்கள் புதுச் செருப்பு யார் காலில் போனது என்று. (எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். நீங்கள் ரகசியம் போலவே எழுதுங்கள்.) தயவுசெய்து மீசையையும் வளர்த்துவிடுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம், குட்டிக்கு முத்தம். உங்கள் ஆசீர்வாதத்தை எதிர்பார்க்கிறேன், அதற்கு மட்டும் ஓ.டி.பி. கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: நீங்கள் கடிதம் போட வேண்டியதில்லை மாமா. இதை எழுதி, காற்றில் பறக்காமல் செங்கலுக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பா படித்துவிட்டார். தன் போனை என் கையில் கொடுத்துவிட்டு லாரியில் சரக்கு ஏற்றப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து லேப்டாப் வந்தது. ஆனால் வந்தவர் ஹெல்மெட் அண்ணன் இல்லை, புது ஆள். "ஓ.டி.பி. சொல்லுங்க மேடம்." எண் என் கையில்தான் இருந்தது. வழி கேட்பவருக்குக்கூடத் தலையசைத்து அனுப்பும் நான், "முதல்ல பெட்டியைப் பிரிச்சுக் காட்டுங்க" என்றேன். முடியாது என்றார். அனுப்பிவிட்டேன்! அப்பா வந்து விஷயம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடி, அந்த ஆளைக் கையோடு கூட்டிவந்து, தண்ணீர் கொடுத்து, "வெயில்ல வர்றவரை இப்படியா சந்தேகப்படறது? மனுஷனை மனுஷன் நம்பணும் பாப்பா" என்று எனக்கு உபதேசம் செய்து, ஓ.டி.பி.யை உரக்கப் படித்தார். பிறகு பெட்டியைக் கையில் வாங்கி, கண்ணை மூடித் தூக்கிப் பார்த்து, "சரியான எடை" என்றார்.

பெட்டி மேசை மேல் இருக்கிறது. நான் இன்னும் பிரிக்கவில்லை.