வேலுச்சாமி மாமாவுக்கு, கரிப்பெட்டி விஷயமாக

இல்ல மாமா, வெள்ளிக்கிழமைக்குள்ள வர முடியாது. மக செல்வலட்சுமியைப் பொண்ணு பாக்க அன்னைக்கு சிவகாசி அச்சாபீஸ்காரவுக வர்றாக, முறை உள்ளவன் நீ, முன்னாடியே வந்து ஒரு வார்த்தை சொல்லுன்னு நேத்து போன்ல கேட்டீக. 'ம்'னு வச்சுட்டேன். அதுக்குப் பதில்தான் இது. நீங்களும் அத்தையும் சுகந்தானே? ஜார்க்கண்டுல உங்க தங்கச்சி மகன் புகழேந்தி கறுத்துப்போயி சுகமா இருக்கேன்.

பாலிடெக்னிக்க பாதியில விட்டவனுக்கு இங்கன கிடைச்சது பெட்டி அடுக்குற வேலை. பூமியில துளை போட்டு, இரும்பு ஆலைக்குப் போற கோக்கிங் கரிய நீளநீளமா உருவுவாக. வந்த வரிசையிலயே பெட்டியில வைக்கணும். அதப் பாத்துத்தான் எந்த ஆழத்துல எம்புட்டு கரின்னு ஆபீசர் கணக்குப் போடுவாரு. ஊருக்கு அடியில உள்ளது, தண்டவாளத்துக்கு அடியில உள்ளதெல்லாம் கழிச்சுட்டு, எடுக்கத் தேறுறது இம்புட்டுன்னு எழுதுவாரு. கிடக்குறதுல பாதிகூடத் தேறாதாம்.

கடைசித் துளை முடிஞ்சா எனக்கு லீவு. அன்னைக்குன்னு பாத்து வெயில் கொளுத்துது, அம்புட்டு கரியும் ஒரே கொட்டகையில. 'மருந்த ஓரிடத்துல குவிக்காதலே, பிரிச்சு நிழல்ல வை'ன்னு பட்டாசுக் கம்பெனியில உங்ககிட்ட வேலை பாத்த ரெண்டு வருசமும் கத்துனீகள்ல? பிரிச்சுட்டேன் மாமா. மரத்துக்கு ரெண்டு துண்டு. ஆபீசர் வந்து பாத்துட்டுத் தரையிலயே உக்காந்துட்டாரு. துளை மிஷின் ஓட்டுற மல்லாங்கிணறு மணிகண்டராஜ் அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு.

"ஏலே, எது மேல் கரி, எது கீழ் கரின்னு இனி அதுகிட்டயா கேக்க?"

"பத்திக்கிட்டா என்னண்ணே பண்றது?"

"பத்தணும்னுதானலே தோண்டுறோம்!"

மறுபடி துளை போட இருபது நாளாகும். அதுவரைக்கும் அச்சாபீஸ்காரவுகள நிறுத்தி வைங்க. நாலு மணியானா மனசு அங்கன ஓடிருது. உங்களத் தேடுது. அத்தையத் தேடுது. உங்க வீட்டு ஆட்டக்கூடத் தேடுது. செல்வலட்சுமி கம்பெனி வேன்ல இருந்து இறங்கி, பட்டாசுக்குப் போடுற சில்வர் பொடி ஒட்டுன கையத் துடைச்சுக்கிட்டே நடக்குமே, அந்தத் தெருவத் தேடுது.

அத்தைக்குக் கும்பிடு. நீங்க திருநீறு பூசிவிட்டதா நினைச்சுக்கிடுறேன்.

புகழேந்தி

பின்குறிப்பு: மேல எழுதுனத விட்ருங்க. தபால்ல போட்டா வெள்ளிக்கிழமை தாண்டித்தான் வரும்னு மணிகண்டராஜ் அண்ணன் சிரிக்காரு. இவன் இருந்தா அடுத்த துளையும் போச்சுன்னு ஆபீசரே லீவு கொடுத்துட்டாரு. இதக் கையில கொண்டாறேன். உங்க முன்னாடி நின்னா எனக்கு வாய் வராது, நீங்களே வாசிச்சுக்கிடுங்க: செல்வலட்சுமிய எனக்குக் கொடுங்க மாமா. ஸ்டேசனுக்குப் போற ஜீப்பு ஹாரன் அடிக்குது, போகணும்